பிள்ளைகள் சுவரில், பூனைகள் தெருவில்

ஜார்ஜ் டவுன் சுவரோவியங்களை எப்படி ரசிப்பது?

மலேசியாவின் பினாங்குக்குப் போய்வந்தவர் கைப்பேசியைத் திறந்தால் அதில் ஒரு சைக்கிள் படம் கட்டாயம் இருக்கும். அக்கா மிதிக்கிறாள், தம்பி பின்னால் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறான். பிள்ளைகள் இருவரும் வெறும் சாயம், சைக்கிள் மட்டும் நிஜ இரும்பு. ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில் இருக்கும் அந்தச் சுவருக்கு முன்னால் சனி ஞாயிறுகளில் வரிசை நிற்கிறது. ஒருவர் சைக்கிளைத் தொட்டுக்கொண்டு பல்லைக் காட்டிவிட்டு நகர்கிறார், அடுத்தவர் வருகிறார். இந்த வேகத்தில் போனால் ஒரே காலையில் பழைய நகரத்தின் படங்களையெல்லாம் முடித்துவிடலாம். சாயங்காலம் யாராவது "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால்தான் சொல்ல ஒன்றும் இருக்காது.

இந்தப் படங்கள் கண்காட்சிக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியவை அல்ல. இவற்றுக்கு அக்கம்பக்கம் உண்டு. விரிசலில் ஒரு செடி, வாசலில் ஒரு பூனை, கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம். சில இடங்களில் அந்தக் குடும்பம் காலிசெய்துபோன வெற்றிடம். அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் படம் பிடிபடும். அப்படிப் பார்க்கப் பழகுவதற்குச் சில யோசனைகள்.

காலையில் போங்கள், நடந்து போங்கள்

பினாங்கில் விடியும்போதே மணி ஏழு ஆகிவிடும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை வெளிச்சம் சாய்வாக விழும். சுவரின் மேடுபள்ளமெல்லாம் அப்போது தெரியும். பத்து மணிக்கு மேல் வெயில் தட்டையாகிவிடும், பேருந்துகளில் கூட்டமும் வந்து இறங்கிவிடும். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

லிட்டில் இந்தியாவில் ரொட்டி சானாயோ தோசையோ பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டித் தெற்கே நடந்தால் ஆர்மீனியன் தெரு வந்துவிடும். அங்கிருந்து ஆ குவீ தெரு, கேனன் தெரு எல்லாம் கூப்பிடு தூரம். முந்திரி தெருவும் லவ் லேனும் வடக்குப் பக்கம். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பதுதான் ரசனைக்கு முதல் எதிரி. ட்ரைஷா என்ற மிதிரிக்‌ஷாவில் போகலாம், தப்பில்லை. ஆனால் படம் படமாக இறக்கி ஏற்றும்போது இடையில் இருக்கும் தெரு கண்ணில் படாமல் போய்விடும். நடப்பவருக்குக் கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை இருக்கிறது. தலைக்கு மேல் மாடி இருப்பதால் மழைக்கும் வெயிலுக்கும் குடை வேண்டாம். மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கும் இடங்களில் மட்டும் தெருவில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

முதலில் சுவர், அப்புறம் படம்

படத்தின் முன்னால் போய் நின்றதும் படத்தைப் பார்க்காதீர்கள். அதைச் சுற்றியுள்ள சுவரைப் பாருங்கள்.

பழைய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். சிமெண்டுக்கு முந்திய காலத்து வேலை அது. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் அப்படியே வெளியேறிவிடும். பூச்சு நைந்தால் மறுபடி சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்போடு நீலம் கலந்து அடிக்கும் வழக்கம் நம்மவருக்குப் பழகியதுதான். லெய்த் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ஸீ மாளிகையின் பேர்பெற்ற நீலமும் அவுரியும் சுண்ணாம்பும் சேர்ந்த நிறமே. இப்படித் தலைமுறை தலைமுறையாக அடித்த சுவரில் மேல்தோல் உரிந்த இடத்தில் மஞ்சள், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம் என்று பழைய நிறங்கள் எட்டிப்பார்க்கும். இத்தகைய சுவரில் பிற்காலத்தார் சிமெண்டையோ பிளாஸ்டிக் சாயத்தையோ பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பூச்சு உப்பிக்கொண்டு பாளம் பாளமாக விழும். சுவரில் வீக்கமோ வெள்ளை உப்புப் பூத்த திட்டோ கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மழை விட்ட மறுநிமிடம் சுவரைப் பார்ப்பதும் ஒரு ருசி. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை அதிகம். நனைந்த பூச்சு கறுத்து, எங்கே சுண்ணாம்பு, எங்கே சிமெண்ட் ஒட்டு என்று தானாகப் பிரித்துக் காட்டும்.

சைக்கிள் முன்னால் ஐந்து நிமிடம்

இப்போது அந்தச் சைக்கிளுக்கு வருவோம். லிதுவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் கலைவிழாவுக்காக வரைந்த சுவரோவியங்களில் இது ஒன்று. அவர் செய்த பெரிய காரியம் சுவரைச் சுவராகவே விட்டதுதான். பின்னணி என்று எதுவும் வரையவில்லை, வெள்ளை அடிக்கவில்லை, உரிந்த பூச்சும் கறையுமே பின்னணி. பிள்ளைகள் ஆளளவுக்குத்தான் இருக்கிறார்கள். அதனால் சற்றுத் தள்ளி நின்றால் அவர்கள் சுவரில் இருக்கிறார்களா, தெருவில் இருக்கிறார்களா என்று கண் ஒரு கணம் தடுமாறும்.

பக்கத்தில் போய் இரும்பும் சாயமும் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். கைப்பிடியைப் பற்றிய விரல்கள் சாயம், கைப்பிடி இரும்பு. மிதிகட்டை இரும்பு, மிதிக்கும் கால் சாயம். சைக்கிளின் நிழல் நேரத்துக்கு நேரம் நகரும். பிள்ளைகளின் நிழலோ அவர் வரைந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு நிழலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நேரத்தில்தான் படத்தின் தந்திரம் புரியும். இரும்புக்கு நேர் கீழே சுவரில் துரு வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓவியர் போட்ட கோடு அல்ல, மழை போட்டது.

இதே கையின் மற்றப் படங்களில் ஒவ்வொன்றும் சுவரிடம் எதைக் கடன் வாங்கியிருக்கிறது என்று தேடுவது நல்ல விளையாட்டு. முந்திரி தெருவின் நீலச்சட்டைப் பெண் ஜன்னல்களுக்கு மேலே இருக்கும் மறைப்புகளில் கையூன்றி எம்பி நிற்கிறாள், ஜன்னல் நிஜம். கேனன் தெருவில் ஒரு பையன் நாற்காலிமேல் ஏறிச் சுவரின் துளையை எட்டப் பார்க்கிறான். நாற்காலி நிஜம், துளையும் நிஜம். ஆ குவீ தெருவில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது, அதில் ஏறி உட்கார்ந்திருக்கும் பையன் சாயம். அருகிலேயே ஒரு சின்னவன் டைனோசரை நாய்க்குட்டி மாதிரி கயிறு கட்டி வைத்திருக்கிறான். டைனோசர் மட்டும் பிள்ளைக் கிறுக்கலாக வெறுங்கோட்டில் இருக்கும். அவனுக்கு வேண்டிய வளர்ப்புப் பிராணியை அவனே வரைந்துகொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் வளர்க்க அனுமதி கிடைக்காத எல்லாருக்கும் அது புரியும்.

படத்தில் இருப்பவர்கள், தெருவில் இல்லாதவர்கள்

இந்த ஓவியங்களில் பெரும்பாலும் பிள்ளைகள். ஆர்மீனியன் தெருவில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். சுற்றுலா வந்த பிள்ளைகள் நிறைய வருவார்கள். அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்தச் சுவரிலேயே பந்தடித்து வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தேடினால் விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை மலேசியாவில் சட்டம் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அதனால் ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் தையல்காரரும் தட்டாரும் சாம்பிராணிக் குச்சி செய்பவரும் மிகக் குறைந்த வாடகையில் தலைமுறைகளாகக் குடியிருந்தார்கள். கீழே கடை, மேலே வீடு. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் ரத்துசெய்து சில ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். 2000 ஜனவரியில் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. வாடகை ஏற, குடும்பங்கள் நகருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் போயின. காலியான சில கட்டடங்களில் உணவுக்காகும் கூடுகளுக்கென்று உழவாரக் குருவிகளைக் குடிவைத்தார்கள். பதிவுசெய்த குருவிச் சத்தம் பகலெல்லாம் ஒலிபெருக்கியில் ஓடியது. பாரம்பரிய வட்டாரத்திலிருந்து அந்தக் குருவி வீடுகள் 2013 இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்று மாநில அரசு கெடு வைத்தது. இதற்கு நடுவில், 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. நான்கு ஆண்டு கழித்துச் சுவரில் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். தெருவின் பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போன பிறகுதான் சுவரின் பிள்ளைகள் குடிவந்தார்கள். சைக்கிள் படம் சிரிப்பு மூட்டும் படம்தான். இந்தக் கணக்கு தெரிந்தபின் அதே சிரிப்பு தொண்டையில் கொஞ்சம் சிக்கும். பழமையை நினைத்து உருகுவது சுலபம்; எந்தச் சட்டம், எந்த ஆண்டு, யார் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு உருகினால் ரசனைக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும்.

கம்பியில் போட்ட கோடு

படங்களுக்கு நடுவே சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களையும் காண்பீர்கள். 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற 'ஸ்கல்ப்சர் அட் ஒர்க்' நிறுவனம் செய்தவை இவை. மொத்தம் 52. வரைந்தவர்கள் உள்ளூர்க் கார்ட்டூன்காரர்கள். அந்தந்தத் தெருவின் கதையை ஒரு சிரிப்போடு சொல்வதுதான் திட்டம். லவ் லேனில் ஒரு கணவன் ஜன்னல் வழியாக இறங்கி ஓடப்பார்க்கிறான். பணக்காரர்கள் சின்னவீடு வைத்திருந்த தெரு என்ற பழைய பேச்சுக்கு அது கிண்டல். காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ இளமையில் தொழில் பழகிய இடத்தில் அவருக்கும் ஒரு கம்பிச் சித்திரம் உண்டு.

வண்ணப்படத்துக்கு வரிசை நிற்பவர்கள் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். கம்பியை வளைத்து ஒரே இழுப்பில் ஒரு முகத்தைக் கொண்டுவருவது சாமானிய வேலை அல்ல. காலை வெயிலில் கம்பியின் நிழலும் சுவரில் விழுந்து ஒவ்வொரு கோடும் இரண்டாகும். அந்த நேரத்தில் ஆள் அசைவது போலவே இருக்கும்.

பூனைகளிடம் மரியாதையாக

2013ஆம் ஆண்டுக் கலைவிழாவில் ஒரு குழு '101 காணாமற்போன பூனைக்குட்டிகள்' என்ற பெயரில் சுவர்களில் பூனைகளை வரைந்தது. தெருவில் விடப்பட்ட பிராணிகள் மேல் மக்கள் கவனம் திரும்ப வேண்டும் என்பது நோக்கம். ஆர்மீனியன் தெருவை ஒட்டி ஸ்கிப்பி என்ற ஆரஞ்சுப் பூனை சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆ குவீ தெருவில் புரூஸ் லீ பூனையை உதைக்கப் பாய்கிறார். நிஜ புரூஸ் லீ இப்படிச் செய்யவே மாட்டார் என்பதுதான் அந்தப் படத்தின் பெயர். சிரித்துவிட்டுப் போகும் கூட்டம், அதே சுவரடியில் சுருண்டு கிடக்கும் நிஜப் பூனையைத் தாண்டித்தான் போகிறது.

நீங்கள் அந்தப் பூனையைப் பாருங்கள், குறிப்பாக வாலை. தமிழ்நாட்டுப் பூனையின் வால் நீளமாக, நேராக இருக்கும். இங்கே பல பூனைகளுக்கு வால் பாதியில் நின்றிருக்கும், அல்லது நுனியில் முடிச்சு விழுந்தாற்போல மடங்கியிருக்கும். யாரோ கதவில் நசுக்கிவிட்டார்கள் என்று பரிதாபப்பட வேண்டாம். பிறவியிலேயே அப்படித்தான், பரம்பரையாக வரும் குணம். மலாய்த் தீவுகள், சயாம், பர்மா பகுதிப் பூனைகளின் வால் குட்டையாக, முடிச்சோடு இருப்பதை டார்வினே 1868இல் தம் நூலில் குறித்திருக்கிறார்.

பூனை தூங்கினால் எழுப்பாதீர்கள், படத்துக்காகத் தூக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு மனம் வந்தால் வரும். அதற்குள் கடைக்காரர் பேச ஆரம்பித்துவிடுவார். ஓர் அஞ்சடியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"உங்க பூனையாண்ணே?"

"என் பூனையா? அது கடையோட பூனை தம்பி. எனக்கு முந்தி இருந்தவர் காலத்திலேயே அதோட அம்மா இங்கதான். நான் மாசாமாசம் வாடகை கட்டுறேன், அது சும்மா இருக்கு. அதுதான் முதலாளி."

பச்சையும் கறுப்பும்

அடுத்து அண்ணாந்து பாருங்கள். கூரை ஓட்டு இடுக்கில் பெரணி, சாக்கடைக் குழாயோரம் பாசி, ஆள் இல்லாத மாடியின் ஜன்னலில் ஓர் ஆலங்கன்று. பறவை எச்சத்தில் வந்த விதை சுண்ணாம்பு விரிசலில் வேர்விட்டுச் சில ஆண்டுகளில் செங்கல்லைப் பிளந்துவிடும். வீட்டுக்காரருக்கு அது தலைவலி. வெறுமனே பார்க்க வந்தவருக்கோ ஆளில்லா வீட்டை அடையாளம் காட்டும் கொடி அது. சுவரில் வேர் எவ்வளவு தடித்திருக்கிறதோ, அந்த வீட்டை ஆட்கள் அவ்வளவு நாளாகக் கவனிக்கவில்லை என்று கணக்கு.

மின்கம்பியில் இருக்கும் காக்கையையும் விட்டுவிடாதீர்கள். நம்மூரில் அன்றாடம் சோறு வைக்கும் அதே சாம்பல்கழுத்துக் காக்கைதான். 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுக்கள் பெருகியபோது, அவற்றைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்கு இவற்றைக் கொண்டுவந்தார்கள். தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே பெருகிய கூட்டம். நம்மவருக்கு இந்தக் கதையில் புதிது ஏதும் இல்லை.

படகுக்காரத் தெருவில் ஒரு படகோட்டி

ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா இந்த நகரின் உழைப்பாளிகளைப் பெரிய பெரிய உருவங்களாகச் சுவரில் ஏற்றியவர். அவருடைய படங்களில் ஒன்று இந்தியப் படகோட்டி. அதைத் தேடிப் பார்த்துவிட்டு நேராகக் கிங் தெருவின் லிட்டில் இந்தியாப் பகுதிக்கு நடந்து வாருங்கள். அந்தப் பகுதியைப் பழைய தமிழர்கள் படகுக்காரத் தெரு என்றுதான் சொன்னார்கள். படகுக்காரர்களின் கிட்டங்கி அங்கே இருந்தது. பெரிய கப்பல்கள் கரையை அணையும் சுவெட்டன்ஹாம் துறை 1904இல்தான் வந்தது. அதுவரை கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட, ஆளையும் சரக்கையும் படகில்தான் கரைசேர்த்தார்கள். இன்று அந்தத் தெருவில் துடுப்பும் இல்லை, படகும் இல்லை. சுவரில் ஏறிய படகோட்டியையும் தெருவின் பழைய பெயரையும் மனத்தில் ஒன்றாகச் சேர்த்துவைப்பது உங்கள் வேலை. எந்த வழிகாட்டிப் பலகையும் அதைச் செய்துதராது.

பக்கத்திலேயே குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால், தெருவில் நின்று பார்க்க வண்ண உருவங்களைச் செய்துவைப்பதில் நம்மவர்தான் இங்கே மூத்தவர்கள் என்று தெரியும்.

மங்கினால் மங்கட்டுமா?

கோபுரத்துச் சாமிகள் வெயிலில் வெளுத்தால் நாம் கவலைப்படுவதில்லை. அடுத்த குடமுழுக்கில் புதுவண்ணம் ஏறும். சுவரோவியத்துக்கு அப்படி முறைவைத்த ஏற்பாடு இல்லை. சியூ படகுத்துறைக் கடலோரத்தில் ஸக்காரெவிச் வரைந்த படகுப் பிள்ளைகளை உப்புக்காற்று பெரும்பாலும் தின்றுவிட்டது. மறுபடி தீட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. தெருவில் பிறந்தது தெருவோடு போகட்டும் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கோபுரத்துச் சிற்பம் மரபில் வருவது. யார் கை தீட்டினாலும் முருகன் முருகன்தான். சைக்கிள் பிள்ளைகள் ஒருவருடைய கைக்கோடு. இன்னொரு கை மேலே ஓடினால் நகல்தான் மிஞ்சும். மங்கிய படத்தின் முன் நிற்கும்போது எது முதலில் போயிருக்கிறது, எது இன்னும் நிற்கிறது என்று பாருங்கள். இருண்ட கோடுகள் நீடிக்கும். மெல்லிய நிறங்கள் முந்திப் போகும். வரைந்தவர் எதை அழுத்தினார், எதைத் தடவி விட்டார் என்பது மங்கும்போதுதான் வெளியாகும்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஜன்னல், ஒரு விரிசல், ஒரு பூனை வால் இவற்றில் ஒன்றைப் பத்து நிமிடம் கிறுக்குங்கள். கை நகர்ந்தால்தான் கண் நிற்கும்.

கடைசியாக, காசு விஷயம். படத்தைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அது இருக்கும் சுவருக்கு வாடகை உண்டு. சுவருக்குப் பின்னால் இன்னும் தொழில் செய்துகொண்டிருப்பவர் யார் என்று விசாரித்து, அவரிடம் ஏதாவது ஒன்று வாங்குங்கள்: ஒரு கோப்பி, ஒரு முழம் பூ, ஒரு கட்டு ஊதுவத்தி. இரண்டு மூன்று ரிங்கிட்தான் ஆகும். எத்தனை பேர் வந்து கைப்பேசியை நீட்டினாலும் அது அவருடைய மாத வாடகையைக் கட்டாது. நீங்கள் வாங்கும் பூவும் கோப்பியும் கட்டும்.